அகரமும் ஆதியும் இல்லாத அகராதி

அகராதி என்னும் சொல் தன் பொருளைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. அகரத்தை ஆதியாகக் கொண்டு சொற்களை நிரைப்படுத்திய நூல் அகராதி. அதற்கு முன்னர் நம்மவர் நிகண்டுகளைச் செய்யுளாக யாத்து மனனஞ் செய்து வந்தனர். மனனஞ் செய்தவனுக்கு ஏடு வேண்டியதில்லை. செய்யாதவனுக்கோ ஏடு இருந்தும் பயன் அரிது. 1732 இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி போன்ற நூல்கள் தோன்றியபின், எழுத்தின் முறை தெரிந்த எவரும் வேண்டிய சொல்லைத் தாமே தேடிக் காணலாம் என்னும் நிலை உண்டாயிற்று. ஒழுங்கு விரைவைத் தந்தது.

கணினிக்கு எழுதப்படும் நிரல்களிலும் ‘டிக்ஷனரி’, அதாவது அகராதி, என்றே வழங்கும் ஒரு தொகுப்பு உண்டு. திறவுகோல் ஒன்றைக் கொடுத்தால் அதற்குரிய பெறுமதியை அது எடுத்துத் தரும். பாடசாலைச் சேர்விலக்கத்தைச் சொன்னவுடன் அதற்குரிய மாணவனின் பதிவை எடுத்து நீட்டும் எழுதுவினைஞரை நேயர்கள் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் விந்தை யாதெனில், இவ்வகராதியுள் அகரமும் இல்லை, ஆதியும் இல்லை. ஒழுங்கைத் துறந்தே அது விரைவைப் பெற்றது. துறந்ததற்குப் பின்னாளில் விலையும் கொடுத்தது.

இதற்கு வித்திட்டவர் ஹான்ஸ் பீட்டர் லூன். 1896 இல் ஜெர்மனியிற் பிறந்து, நெசவுத் தொழிலோடு பழகி, பின்னர் அமெரிக்காவிலே ஐ.பி.எம். நிறுவனத்திற் பணிபுரிந்தவர் அவர். (கடனட்டை எண்களின் இறுதி இலக்கத்தைக் கொண்டு எழுத்துப் பிழையைக் கண்டறியும் முறையும் அவருடையதே.) 1953 ஜனவரியில் நிறுவனத்தின் உட்சுற்றுக்காக அவர் எழுதிய குறிப்பொன்றில் இவ்வெண்ணம் வெளிப்பட்டது. பெயர்களை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றாகத் தேடுவானேன்? திறவுகோலையே கணக்குக்கு உட்படுத்தி, அதிலிருந்து இருப்பிடத்தை அறிந்தால் என்ன?

இதனை எளிய உதாரணத்தால் விளக்கலாம். 274163 என்னும் சேர்விலக்கத்தை இரண்டிரண்டாகப் பிரித்துக் கூட்டினால் 9, 5, 9 என வரும். இறுதி இரண்டை எடுத்தால் 59. நூறு பெட்டிகளை வைத்து, அப்பதிவை 59 ஆம் பெட்டியில் இட்டுவிடலாம். நாளை அதே இலக்கத்தோடு வருபவருக்கும் அதே கணக்கு அதே பெட்டியையே காட்டும். ஆயிரம் பதிவு இருப்பினும் ஒரு பெட்டியையே திறந்து பார்த்தால் போதும். இக்கணக்குக்குப் பின்னாளில் ‘ஹாஷ்’ என்னும் பெயர் நிலைத்தது. இறைச்சியைக் கொத்திக் கலந்து சமைப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. கொழும்புத் தெருக்களில் கொத்துரொட்டித் தகட்டின் ஓசையைக் கேட்டவர்களுக்கு அதன் பொருத்தம் எளிதில் விளங்கும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 814163 என்னும் இலக்கமும் 59 ஆம் பெட்டியையே காட்டுகிறது. இவ்வாறு மோதுவது அரிதன்று. இருபத்துமூன்று பேர் கூடிய அவையில் இருவரின் பிறந்தநாள் ஒன்றாயிருக்கும் வாய்ப்புப் பாதிக்கும் மேல் என்பது கணிதம் கண்ட உண்மை. மோதியவற்றை ஒரே பெட்டியிற் சங்கிலியாகக் கோத்து வைக்கலாம் என்றார் லூன். 1954 அளவில் அந்நிறுவனத்தின் 701 என்னும் கணினிக்கு நிரலெழுதிய ஜீன் அம்டால் முதலியோர், அடுத்துள்ள வெற்றிடத்தில் இடும் முறையைக் கையாண்டனர். சோவியத் நாட்டில் ஆந்திரே எர்ஷோவும் இதே முறையைத் தாமாகவே கண்டறிந்தார்.

பொருள்நோக்கு நிரலாக்கம் தோன்றியபோது இத்தொகுப்பின் நிலை உயர்ந்தது. 1970களில் அமெரிக்காவின் ஸெராக்ஸ் ஆய்வுநிலையத்தில் ஆலன் கேயும் அவர்தம் குழுவினரும் ‘ஸ்மால்டாக்’ மொழியை உருவாக்கினர். அம்மொழியில் அகராதி தானும் ஒரு பொருள், ‘இத்திறவுகோலுக்குரியது யாது?’ என அதனிடமே வினவலாம். அதுமட்டுமன்று: ஒரு பொருளுக்குச் செய்தி சென்றால், அதற்கு எவ்வாறு விடையிறுப்பது என்பதை அப்பொருளின் வகுப்பு தன் அகராதியைப் பார்த்தே அறிந்தது. கட்டடத்தினுள் வைக்கும் அலுமாரி என எண்ணப்பட்டது கட்டடத்தின் அத்திவாரமாகவே ஆயிற்று.

எந்தப் பொருளும் திறவுகோலாகலாம் என்றதும் ஒரு நிபந்தனை பிறந்தது. சமமானவை எனக் கருதப்படும் இரண்டு பொருள்கள் ஒரே ஹாஷ் எண்ணைத் தரவேண்டும். அகராதியுள் வைத்தபின் திறவுகோல் மாறவும் கூடாது. மாறினால் கணக்கு வேறொரு பெட்டியைக் காட்டும். பதிவோ பழைய பெட்டியிற் கிடக்கும். இருந்தும் இல்லாததாகிவிடும். இன்றும் அனுபவமற்ற நிரலாளர் பலர் இதில் இடறி விழுகின்றனர்.

இதனினும் பெரிய இடர் வெளியிலிருந்து வந்தது. கணக்கு யாவரும் அறிந்ததாயின், ஒரே பெட்டியில் விழும் திறவுகோல்களைத் தீயவன் ஒருவன் தேர்ந்து ஆயிரக்கணக்கில் அனுப்பலாமன்றோ? சங்கிலி நீள, ஒவ்வொரு தேடலும் ஊர்ந்து செல்லும். 2003 இல் குரோஸ்பி, வாலக் என்னும் இருவர் இதனை ஆய்வுக்கட்டுரையில் எடுத்துக்காட்டினர். கேட்டவர் சிலரே. 2011 டிசம்பரில், பெர்லின் மாநாடொன்றில் கிளிங்க், வேல்டே என்போர், சிறிதளவு தரவை அனுப்பியே பெரிய சேவைக் கணினிகளைத் திணறச் செய்யலாம் எனக் காட்டியபின்னரே பல மொழிகளைப் பேணுவோர் விழித்துக்கொண்டனர். எட்டு ஆண்டு எச்சரிக்கை வீணாயிற்று என்றே கூறவேண்டும். அதன்பின், கணக்கினுள் ஓர் இரகசிய எண்ணைக் கலந்து, ஒவ்வொரு முறை நிரல் தொடங்கும்போதும் அதனை மாற்றும் வழக்கம் பரவிற்று. ஆகவே நேற்று 59 ஆம் பெட்டியில் இருந்தது இன்று எங்கிருக்கும் என எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

இவ்வாறு ஒழுங்கு முற்றாக அழிந்த பின்னரே அதன் மீட்சி நிகழ்ந்தது. பைதன் மொழியின் அகராதியை இருகூறாக்கலாம் என 2012 இல் ரேமண்ட் ஹெட்டிங்கர் முன்மொழிந்தார். பதிவுகளை வந்த வரிசையிலேயே நெருக்கமாக அடுக்குவது ஒரு கூறு. ஹாஷ் கணக்குக்குரிய வெற்றிடங்களில் பதிவின் வரிசை எண்ணை மட்டும் குறிப்பது மற்றது. நினைவகத்தைச் சிக்கனப்படுத்துவதே அவருடைய நோக்கம். 2016 இறுதியில் அம்மொழியின் 3.6 பதிப்பு இதனை ஏற்றபோது அகராதிகளின் அளவு 20 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. வந்த வரிசை தானாகவே காக்கப்பட்டது. 2018 இல் வெளிவந்த 3.7 பதிப்பு அதனை மொழியின் உறுதிமொழியாகவே ஆக்கியது. ஆயினும் அது சேர்வுப் பதிவேட்டின் ஒழுங்கேயன்றிச் சதுரகராதியின் ஒழுங்கன்று. அகர வரிசை வேண்டுவோர் இன்றும் தாமே வரிசைப்படுத்திக்கொள்ளுதல் வேண்டும்.