குனிந்து நுழையும் காணி: நேக் சந்தின் சிற்பத் தோட்டத்தைச் சமய வெளியாக வாசித்தல்

சண்டிகார் கல் தோட்டத்தைப் பற்றி எழுதுவோர் அதை அமைத்த நேக் சந்தைக் கழிவைக் கலையாக்கிய முன்னோடி என்பர். அல்லது பயிற்சியே பெறாத மேதை என்பர். அவர் தாமே சொல்லிவந்தது ஓரத்துக்குப் போய்விட்டது. தேவர்களும் தேவியரும் வாழும் நாடொன்றை அமைப்பதாகவே அவர் சொன்னார். அதை ஒரு முதியவரின் கற்பனை என்று தள்ளாமல், ஆய்வுச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

1924 இல் பிறந்த அவர், 1947 பிரிவினையில் ஊரை இழந்து அகதியாக இந்தியா வந்தவர். 1951 இல் சண்டிகார் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளரானார். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வரைந்த அந்த நகரம் எழுவதற்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. இடிபாடு, உடைந்த பீங்கான், வளையல், கருகிய செங்கல் எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிவந்து, கட்டடம் எழுப்பக் கூடாத அரச வனக் காணியில் 1950களின் பிற்பகுதியிலிருந்து இரவுகளில் ரகசியமாக உழைத்தார். 1970களில் அதிகாரிகள் கண்டபோது அது பல ஏக்கர் பரவியிருந்தது. அவர்கள் இடிக்கவில்லை; 1976 இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

தோட்டத்தின் நுழைவாயில்கள் வேண்டுமென்றே தாழ்வாக அமைந்தவை. தேவர் நாட்டுக்குள் போகிறவர் தலைகுனிய வேண்டும் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. உள்ளே எந்த உருவமும் தனித்து நின்று பார்வையைக் கேட்பதில்லை. குடம் சுமக்கும் பெண்கள், குரங்குகள், காவலர்கள் என ஒரே அச்சில் வார்த்தாற்போல் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. இது கலைக்கூட ஒழுங்கு அல்ல; அய்யனார் கோயில் முற்றத்தில் நேர்த்திக்கடனாக நிற்கும் மண்குதிரைகளின் ஒழுங்கு. ஆகம நெறியில் பின்னமான திருவுருவம் பூசைக்கு ஆகாது. நேக் சந்தோ பின்னமானதிலிருந்தே தொடங்குகிறார். இடித்த ஊர்களின் ஓட்டாஞ்சில்லும் அகதியின் நினைவும் அங்கே ஒன்றாகின்றன. இதைக் கழிவு மேலாண்மை என்று சுருக்குவது வாசிப்பின் வறுமை.

இலங்கையின் ருவான்வெல்லை, யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மரத்தடியில் நட்ட கல், பக்கத்தில் ஒரு சூலம். முனியாண்டியோ மாடசாமியோ அங்கே இருக்கிறார். தேயிலைப் பகுதிகளில் ஸ்டோர் எனும் ஆலையின் இயந்திரத்துக்கு ரோதைமுனி, செடி கத்தரிக்கும் கவ்வாத்துக்குக் கவ்வாத்துச்சாமி என வேலையிலிருந்தே தெய்வங்கள் முளைத்தன. இவற்றை நிறுவியவர்கள் சிற்ப சாஸ்திரம் கற்கவில்லை. அவர்கள் காலூன்றிய காணியும் அவர்களுடையதல்ல. துரைமாரின் கம்பனிகளிடமிருந்து 1970களில் அரசுக்குப் போன தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் மீண்டும் கம்பனிகளுக்கு வந்தது. தாங்கள் குடியிருக்கும் லயத்து அறைக்கே உறுதியில்லாத மக்கள் தெய்வத்துக்கு மட்டும் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். பயிற்சியின்மையை விட, உரிமையில்லாக் காணியில் உரிமை நாட்டுவதே இந்த இரு வகைப் படைப்புகளுக்கும் பொது என்பேன்.

ஒரு மறுப்பு உண்டு. நேக் சந்தின் தோட்டத்தில் பூசையில்லை, பூசாரியில்லை. லாவோஸில் 1958 இல் ஷியெங் குவானையும், 1975 க்குப் பின் மேகோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்தின் நோங் காயில் சாலா கியோகுவையும் கட்டிய புன்லுவா சுலிலத் ஒரு குருவாகவே பின்பற்றப்பட்டார். அவரது கொங்கிரீட் புத்தர்களுக்கும் சிவனுக்கும் பின்னால் ஒரு போதனை இருந்தது. நேக் சந்திடம் அப்படி எதுவுமில்லை. மறுப்பில் பாதியை ஏற்கிறேன்: அவருடையது வழிபாட்டிடம் அல்ல. ஆனால் உடலைக் குனியவைத்து, ஒடுங்கிய பாதையில் நடத்தி, திடீரென ஒரு வெளியில் விடும் இடத்தைச் சமயமற்றது என்று சொல்வதற்குச் சமயத்தைப் பூசையாக மட்டுமே சுருக்கியாக வேண்டும்.

1984 இல் பத்மஸ்ரீ, 1990 இல் புல்டோசர். சாலை போட வந்த இயந்திரத்தின் முன் சண்டிகார் மக்கள் கைகோத்து நின்று தோட்டத்தைக் காத்தார்கள். பக்தர்களாக அல்ல, நகரவாசிகளாக. ரப்பர்த் தோட்டத்து முனிக்கு அப்படியொரு பட்டமும் இல்லை, நகரமும் இல்லை. ஆகவே அந்த மரத்தடிக் கற்களை ஆவணப்படுத்தப் புறப்படுவோர் உருவத்தைப் படமெடுப்பதோடு நிற்கக் கூடாது. காணி யார் பெயரில் இருக்கிறது, கல்லை நட்டது எந்த வேலைக்குப் போன கூட்டம், எந்தப் பாதையால் நடந்து அங்கே சேர்கிறார்கள் என்பதையும் பதிய வேண்டும்.