ஏரித் தூண்டில் மீன்பிடிப்பு

ஏரித் தூண்டில் மீன்பிடிப்பு என்பது ஏரி, கண்மாய், குளம் போன்ற தேங்குநீர் நிலைகளில் கோல், நரம்பு, முள், இரை ஆகியவற்றைக் கொண்டு மீன் பிடிக்கும் முறையாகும். வலை வீசுவோர் மீன் இருக்கும் இடத்தை வளைத்துப் பிடிக்கின்றனர். தூண்டில் இடுபவரோ மீன் தானாக வந்து இரையைக் கவ்வும் வரை காத்திருக்க வேண்டியவர். ஆகையால் இடத்தைத் தெரிவு செய்வதும் இரையைத் தெரிவு செய்வதும் இம்முறையின் இரு அடிப்படைகளாகும். இக்கட்டுரை தமிழ்நாட்டின் பாசன ஏரிகளையும் அவற்றில் உயிர் இரை கொண்டு மீன் பிடித்தலையும் பற்றியது.

தமிழ் இலக்கியத்தில் தூண்டில் மிகப் பழமையானது. அகநானூற்றின் 36 ஆம் பாடலில், இரையோடு முள்ளையும் விழுங்கிய வரால் மீன் ஆம்பல் இலைகளைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, தூண்டில்காரர் இழுக்கவும் வராமல் நீரைக் கலக்கும் காட்சி இடம்பெறுகின்றது. வரால் இன்று விரால் என வழங்குகின்றது. அது நீர்க்கொடிகளுக்கு இடையே வாழும் மீன் என்பதையும், அகப்பட்டால் கொடிகளுக்குள்ளேயே புகும் என்பதையும் அப்புலவர் அறிந்திருந்தார்.

ஏரியின் அமைப்பும் மீன் கூடும் இடங்களும்

பாசன ஏரி, சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்கரை எழுப்பி உருவாக்கப்படுவது. எனவே அதன் ஆழமான பகுதி நடுவில் அன்றிக் கரையை ஒட்டியே பெரும்பாலும் அமைகின்றது. எதிர்ப்புறம் நீர் படிப்படியாக ஆழம் குறைந்து நிலத்தில் முடிகின்றது. இதனை அறியாதவர் நீண்ட கோலால் ஏரியின் நடுவை எட்ட முயல்வர். ஆனால் கோடையில் பெரிய மீன்கள் கரையடியில், அதிலும் மதகை ஒட்டிய பள்ளத்தில், ஒதுங்கியிருப்பது வழக்கம்.

மதகு திறந்திருக்கும் காலத்தில் நீரோட்டம் புழு பூச்சிகளை அப்பக்கம் இழுத்து வருகின்றது. அவற்றை உண்ணச் சிறு மீன்களும், சிறு மீன்களை உண்ணக் கெளுத்தி, வாளை போன்றவையும் வருகின்றன. எனினும் திறந்த மதகின் நேர் எதிரே இரை இடுவதில் பயனில்லை. ஓட்டம் தக்கையை இழுத்துச் சென்றுவிடும். ஓட்டத்தின் ஓரத்தில், நீர் மெதுவாகச் சுழலும் இடமே ஏற்றது.

வடகிழக்குப் பருவமழையின்போது (அக்டோபர் முதல் டிசம்பர் வரை) ஏரி நிறைந்து கலங்கல் வழியாக நீர் வழியும். அப்போது கலங்கலுக்குக் கீழே உள்ள மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து ஏற முயல்கின்றன. வரத்துக் கால்வாயின் வாயிலும் புதுவெள்ளத்தில் மீன் மிகுதியாகக் கூடும். ஆனால் அவற்றுள் பல சினை மீன்கள் என்பது கருத்தில் கொள்ளத்தக்கது.

ஆழம் குறைந்த பக்கத்தில் ஆம்பல், சம்பு, ஆகாயத்தாமரை முதலியவை அடர்ந்திருக்கும். இது விராலின் இடம். செடி இல்லாத திட்டுகளும் செடிப்பரப்பின் விளிம்புகளும் கவனிக்கப்பட வேண்டியவை. விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் துணை உறுப்பு உடையது. ஆகவே அவ்வப்போது மேலே வந்து வாய் திறந்து காற்றை விழுங்கிச் செல்கின்றது. அதனால் எழும் வட்ட அலையைக் கண்டு மீன் இருக்கும் இடத்தை அறியலாம். நீரில் மூழ்கிய கருவேல மரங்களின் அடியிலும் மீன் தங்கும், ஆயினும் நரம்பு சிக்கி அறுவது அங்கு மிகுதி.

காற்று வீசும் திசையும் முக்கியமானது. மிதக்கும் உணவு காற்று அடித்துச் செல்லும் கரையிலேயே சேர்கின்றது. காற்றுக்கு எதிராக நின்று தூண்டில் வீசுவது சிரமமாக இருப்பதால் பலர் இக்கரையைத் தவிர்க்கின்றனர். மீன் அவ்வாறு தவிர்ப்பதில்லை.

நேரம்

அதிகாலையும் மாலையும் மீன்பிடிக்க ஏற்ற நேரங்கள் என்பது பொதுவான கருத்து. இது எல்லா ஏரிகளுக்கும் பொருந்தாது. 20° செல்சியசில் ஒரு லீட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிசனைக் கரைத்து வைத்திருக்கக்கூடும். 30° செல்சியசில் இது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகின்றது. பாசி மிகுந்து பச்சையாகத் தோன்றும் ஏரியில், பகலில் ஆக்சிசனை வெளியிடும் பாசியே இரவு முழுவதும் அதனைச் சுவாசித்துக் குறைத்துவிடுகின்றது. இதனால் ஆக்சிசன் மிகக் குறைவாக இருப்பது விடியற்காலையில்தான். அப்போது கெண்டை இன மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறுவதைக் காணலாம். திணறும் மீன் இரை எடுப்பதில்லை. வெயில் ஏறி ஓரிரு மணிநேரம் கழிந்த பின்னரே அங்குத் தூண்டில் இடுவது பயன் தரும். விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை காற்றைச் சுவாசிக்க வல்லவை ஆதலால் அவற்றுக்கு இத்தடை இல்லை.

உயிர் இரைகள்

மிகப் பரவலாகப் பயன்படுவது மண்புழு. மாட்டுத் தொழுவத்தின் ஓரம், வாழையடி, கழிவுநீர் ஓடும் ஈர நிலம் ஆகிய இடங்களில் தோண்டி எடுக்கப்படுகின்றது. ஈர மண்ணுடன் கொட்டாங்கச்சியிலோ தகர டப்பாவிலோ இட்டு நிழலில் வைக்க வேண்டும். வெயில் பட்ட புழு விரைவில் இறந்து துவண்டுவிடும். முள்ளின் வளைவு மறையும்படி புழுவைக் கோத்து, வால் நுனி சிறிது நெளியும்படி விடுவது முறை. முழுப் புழுவும் தொங்கினால் சிறு மீன்கள் தொங்கும் பகுதியை மட்டும் கடித்துச் செல்லும். கெளுத்தி, ஆரல், மிர்கால், ஜிலேபிக் கெண்டை எனப்படும் திலாப்பியா ஆகியவை புழுவுக்கு வருபவை. கட்லா, ரோகு ஆகியவற்றுக்கு உயிர் இரையைவிடப் பிசைந்த மாவே பொருத்தமானது.

வெட்டுக்கிளியை விடியலில், பனி உலர்வதற்கு முன், எளிதாகப் பிடிக்கலாம். குளிரில் அது குதிப்பதில்லை. ஈசல் மழைக்குப் பின் ஓரிரு நாட்கள் மட்டுமே கிடைப்பது. அந்நாட்களில் மீன்கள் மேற்பரப்பிலேயே உண்பதால் ஈயக்குண்டு இல்லாமல் மிதக்கவிடுவது நல்லது.

வாளை, விரால் போன்ற கொன்றுண்ணிகளுக்கு உயிருள்ள சிறு மீன் இரையாகின்றது. இதனை இரு உதடுகளிலும் அல்லது முதுகுத் துடுப்பின் அடியில் தசை வழியாகக் கோப்பர். முள் முதுகெலும்பில் பட்டால் சிறு மீன் இறந்துவிடும். பிறகு அதன் அசைவு இல்லாததால் பயன் குறைவு. இவ்வகை இரையைக் கவ்வும் மீன் முதலில் அதனைத் தூக்கிக்கொண்டு ஓடி, பின்னரே விழுங்குகின்றது. எனவே தக்கை அமிழ்ந்த உடனே சுண்டி இழுத்தால் இரை மட்டுமே திரும்பி வரும். மாறாக, திலாப்பியா இரையைக் கொத்தும்போது தக்கை நடுங்கும். அங்குத் தாமதித்தால் முள் வெறுமையாகிவிடும். தக்கையின் அசைவைக் கொண்டு மீன் இன்னதென அறியும் திறன் பழக்கத்தால் வருவது.

விராலுக்குச் சிறு தவளையைக் கோத்து, நீர்ச்செடிகளின் இடைவெளியில் மேற்பரப்பில் துள்ளும்படி ஆட்டுவது பழைய முறை. தவளைகள் குறைந்துவந்ததை அடுத்து இந்தியா 1987 இல் தவளைக்கால் ஏற்றுமதியைத் தடைசெய்தது. பயிர்ப் பூச்சிகளை உண்ணும் தவளையை இரைக்கெனப் பிடிப்பது தவிர்க்கத்தக்கது. இதே அசைவைத் தரும் நெகிழித் தவளைகள் தற்போது கடைகளில் கிடைக்கின்றன.

சூழல் சார்ந்த சிக்கல்கள்

உயிர் இரையின் பெரிய குறை, அது தப்பிவிடக்கூடியது என்பதாகும். ஓர் ஏரியில் பிடித்த சிறு மீன்களை வாளியில் எடுத்துச் சென்று வேறோர் ஏரியில் பயன்படுத்தி, மிஞ்சியவற்றை அங்கேயே கொட்டிவிடுவது பலரது வழக்கம். இரக்கத்தால் செய்யப்படும் இச்செயல் அந்நீர்நிலைக்குப் புதிய இனத்தையும் நோயையும் கொண்டுசேர்க்கலாம். 1952 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா, குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பதாலும் ஆண்டுக்குப் பலமுறை இனப்பெருக்கம் செய்வதாலும் ஏராளமான ஏரிகளில் பெருகிவிட்டது. வளர்ப்புக்குத் தடை விதிக்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பல நீர்நிலைகளில் காணப்படுகின்றது. நுழைந்த பின் இவற்றை அகற்றுவது ஏரி முழுவதும் வற்றினாலன்றி இயலாது. எனவே இரை மீனை அதே ஏரியில் பிடித்து அதே ஏரியில் பயன்படுத்துவதே சரியானது. அயர்லாந்து போன்ற நாடுகளில் உயிருள்ள மீனை இரையாக்குவதே சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

மற்றொன்று விராலின் குஞ்சுகாப்பு. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேற்பரப்பில் நகர்வதைக் காணலாம். அடியில் பெற்றோர் காவல் இருக்கும். அப்போது அருகில் இடப்படும் எதனையும் காவல் மீன் தாக்கும். பசியால் அன்று, குஞ்சுகளைக் காக்கவே அது பாய்கின்றது. இதனைப் பயன்படுத்தி விராலைப் பிடிப்பது எளிது. ஆனால் காவல் இழந்த குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்றுவிடுகின்றன. ஒரு விராலுக்காக அடுத்த ஆண்டின் விரால்கள் இழக்கப்படுகின்றன.

எச்சரிக்கைகள்

தேளியின் மார்புத் துடுப்பு முள் நஞ்சுடையது; கடுமையான வலியைத் தரும். கெளுத்தியின் முள்ளும் காயப்படுத்தும். இவற்றைத் துணியால் பற்றி முள்ளைக் கழற்ற வேண்டும். மிக ஆழமாக விழுங்கிய முள்ளைப் பிடுங்குவதைவிட நரம்பை வெட்டிவிடுவது மேல்.

இவற்றைவிட ஆபத்தானவை ஏரிக்குள் மண் அள்ளிய குழிகள். முழங்கால் அளவு நீரில் நடப்பவர் திடீரென ஆள் மூழ்கும் பள்ளத்தில் விழ நேரும். நீர் வற்றும்போது மீன் இக்குழிகளில் கூடுவதால் சிறுவர்கள் இவற்றை நாடுகின்றனர். வறண்ட காலத்தில் ஏரியின் தரையைப் பார்த்து வைக்காதவர், நீரில் இறங்காமல் கரையிலிருந்தே தூண்டில் இட வேண்டும்.

மீன்பாசி குத்தகை

ஏரி பொதுச் சொத்தாயினும் அதிலுள்ள மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுகின்றது. இது மீன்பாசி குத்தகை எனப்படும். குத்தகைதாரர் குஞ்சு வாங்கி விட்டிருப்பதால், தூண்டில் இடுபவர் முன்னரே அனுமதி பெறுவது முறையாகும். கோடை இறுதியில் நீர் வற்றிய நிலையில், சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் மீன்பிடித் திருவிழா நடைபெறுகின்றது. அன்று ஊர் மக்கள் ஊத்தா, கச்சா, வலை ஆகியவற்றுடன் கண்மாயில் இறங்குகின்றனர். தூண்டிலுக்கு அங்கு வேலை இல்லை.