நயினாதீவுக் கல்லும் நெடுந்தீவு மின்சாரமும்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

பல்துருவ உலகம் என்ற சொல் இப்போது உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் வாயிலும் வருகிறது. அமெரிக்காவின் காலம் முடிகிறதா, சீனாவின் காலம் தொடங்குகிறதா, இந்தியா எங்கே நிற்கிறது என்று கேட்கிறார்கள். கேள்வி நல்லதுதான். ஆனால் கேட்கும் தோரணையைப் பார்த்தால் உலகக் கிண்ணத்தில் எந்த அணிக்குக் கை தட்டுவது என்பது போல இருக்கிறது. பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான். தமிழர்களில் பலருக்கு டெல்லி, தெற்கில் பலருக்குப் பெய்ஜிங், நம் முஸ்லிம்களில் பலருக்கு வளைகுடாவும் துருக்கியும் ஈரானும்.

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தைப் புரட்டத் தேவையில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று கடலைப் பார்த்தாலே போதும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. மூன்றுக்கும் தேசிய மின்கம்பி போகவில்லை. டீசலைக் கடல்வழியாகக் கொண்டுபோய், மின்பிறப்பாக்கியை ஓட்டித்தான் அங்கே விளக்கு எரிகிறது. இதற்கு மாற்றாகச் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த கலப்பு மின்திட்டம் ஒன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வகுக்கப்பட்டது. 2021 ஜனவரியில் சீனாவின் சினோசோர் - இடெக்வின் கூட்டு நிறுவனத்துக்கு அதைக் கொடுக்க அமைச்சரவை அனுமதித்தது. பெறுமதி ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் டொலர். ஒரு நாட்டின் கணக்கில் இது சில்லறை.

ஆனால் நெடுந்தீவிலிருந்து தமிழ்நாட்டுக் கரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தான். இந்தியா ஆட்சேபித்தது. அதே வேலையை நன்கொடையாகச் செய்து தருகிறோம் என்றது. 2021 டிசம்பரில் சீனத் தூதரகம் திட்டத்தை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கரிசனையே காரணம் என்றது. அந்த மூன்றாம் தரப்பின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது. மாலைதீவின் தீவுகளில் சூரிய மின்நிலையங்கள் அமைக்க ஒப்பந்தம் செய்துவிட்டோம் என்ற செய்தியையும் கூடவே வெளியிட்டது.

2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் பெங்களூரைச் சேர்ந்த யூ சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம், 1 கோடி 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில். 2021 ஜனவரி முதல் 2024 மார்ச் வரை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போக மட்டும் மூன்று வருடத்துக்கு மேல். அதுவரை தீவில் டீசல்தான்.

இந்த இழுபறியின் நடுவே, 2021 டிசம்பர் நடுப்பகுதியில், சீனத் தூதுவர் சீ ஷென்ஹொங் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி, மேற்சட்டை இல்லாமல் நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டார். மீனவர்களுக்கு உதவிப் பொருட்கள் கொடுத்தார். மன்னார்ப் பக்கம் போய் இராமர் பாலத்து மணல்திட்டையும் பார்த்தார். அவருக்கு முன்பே, 2015 மார்ச்சில், பிரதமர் மோடி யாழ்ப்பாணம் வந்தபோது கீரிமலை நகுலேஸ்வரத்தில் வழிபட்டிருந்தார்.

வல்லரசுகள் நம் சாமிகளைத் தேடி வருவது இது முதல் தடவை இல்லை. கொழும்பு தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409 எனத் திகதியிட்ட கல். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹீ கொண்டுவந்தது. சீன மொழியில் புத்தருக்குப் புகழ்ச்சி. தமிழில் தேவேந்திரமுனையின் தென்னாவரை நாயனாருக்குப் புகழ்ச்சி. பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு மரியாதை. மூன்று தரப்புக்கும் காணிக்கைகள். செங் ஹீ பிறப்பால் முஸ்லிம் என்று நாம் பெருமைப்படுவதுண்டு. ஆனால் இந்தக் கதைக்குப் பிற்பகுதி ஒன்று உண்டு. அதே செங் ஹீயின் படைதான் இங்கே ஆட்சியிலிருந்த அழகக்கோனாரோடு மோதி, 1411இல் அவரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. கல்லில் மூன்று மதத்துக்கும் மரியாதை, கப்பலில் சங்கிலி. இரண்டும் ஒரே பயணத்தில் வந்தவை.

யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி மாலையில் நடக்கிறோமே, அதுவும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் கோட்டையை முற்றுகையிட்டு எடுத்தார்கள். 1795இல் ஆங்கிலேயர். மூன்றாவது கைமாற்றத்தின் காரணம் யாழ்ப்பாணத்தில் நடக்கவேயில்லை. பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. அந்நாட்டின் அதிபர் இங்கிலாந்துக்கு ஓடினார். கியூ மாளிகையில் இருந்துகொண்டு, குடியேற்ற நாடுகளை ஆங்கிலேயரிடம் ஒப்படையுங்கள் என்று கடிதம் எழுதினார். அந்த வருடம் முடிவதற்குள் இங்கே கொடி மாறிவிட்டது. கோட்டை வாசலில் மீன் விற்றவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஆகவே புதிய அதிகார மையங்கள் எழுவது உண்மையா என்று கேட்டால், உண்மைதான். 2022 ஏப்ரலில் நம் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது நினைவிருக்கும். ஒரு காலத்தில் இப்படியான கணக்கைப் பாரிஸ் கழகத்து மேற்கு நாடுகள் பேசித் தீர்த்துவிடும். இந்த முறை சீனாவும் இந்தியாவும் உறுதி கொடுக்கும்வரை சர்வதேச நாணய நிதியத்தின் கதவு திறக்கவில்லை. 2023 மார்ச்சில்தான் 290 கோடி டொலர் உதவிக்கு அனுமதி கிடைத்தது. பிரிக்ஸ் அமைப்பில் 2024 ஜனவரியில் எகிப்து, எதியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம் சேர்ந்தன. அதே வருடம் நம் நாடும் சேர விருப்பம் தெரிவித்தது. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இலங்கை, இந்தியா, அமீரகம் மூன்றும் கையெழுத்திட்டன. மையங்கள் பெருகிவிட்டன. சந்தேகமில்லை.

நம் கேள்வி வேறு. மையம் பெருகினால் ஓரத்தில் இருப்பவனுக்கு என்ன கிடைக்கும்?

இதற்குப் பதில் நயினாதீவிலேயே இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோவிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. 12ஆம் நூற்றாண்டு. அது சொல்வதன் சாரம் இது: வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

பராக்கிரமபாகுவை நீதிமான் என்று நிறுவ நாம் வரவில்லை. யானை வணிகத் தகராறும் ஒரு காரணமாகப் பர்மா மீது கப்பற்படை அனுப்பியவர் அவர். உடைந்த கப்பலில் பாதியை எடுப்பதும் கருணையில்லை. ஆனால் சட்டம் முன்கூட்டியே தெரிந்தது. கல்லில் இருந்தது. சிங்கள மன்னனின் ஆணை இந்தக் கரையில் வழங்கும் தமிழில் இருந்தது. எங்கிருந்து கப்பல் வந்தாலும் அதே பங்கு. வந்தவன் எவ்வளவு பெரியவன் என்பதைப் பார்த்து விதி மாறவில்லை.

இன்றைய ஒப்பந்தம் எந்தக் கல்லில் இருக்கிறது? தீவு மக்களுக்கு அதன் நிபந்தனைகளைத் தமிழில் வாசித்துக் காட்டியவர் யார்? காற்றாலையில் பழுது வந்தால் திருத்துவது யார், அதற்கு நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி உண்டா, யூனிட் விலை குறையுமா? மக்கள் சார்பில் இதைக் கேட்கவேண்டிய வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்தது. பிறகு தேர்தல் வைக்கவில்லை. சீனா வந்தபோதும் கேட்க ஆளில்லை, இந்தியா வந்தபோதும் கேட்க ஆளில்லை.

யாரோ ஒரு பெரியவர் நம் பக்கம் நிற்கிறார் என்ற நினைப்பு சுகமானதுதான். டெல்லியை நம்பும் நம் மீனவ சகோதரரின் வலையை இரவில் அறுத்துக்கொண்டு போவது தமிழ்நாட்டு இழுவைப் படகு. நாம் அண்ணாந்து பார்க்கும் அரபு நாடுகளும் நம் நாட்டில் முதலீட்டைப் பார்த்துத்தான் கையெழுத்து வைக்கின்றன. அது அவர்கள் குற்றமில்லை. ஒவ்வொரு நாடும் தன் கணக்கைப் பார்க்கும். நம் கணக்கை நாம் பார்க்காததுதான் குற்றம்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டியிருந்தது. ஆயுதம் யார் கையில் இருந்ததோ அவர்கள் முடிவெடுத்தார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. வலியவன் நம்மவனா அந்நியனா என்பதைவிட, எளியவனிடம் கேட்டானா இல்லையா என்பதே பெரிய கேள்வி என்று எங்களுக்கு அன்று விளங்கியது. மொழி ஒன்றாக இருந்தும் கேட்கவில்லை என்றால், கடல் கடந்து வருபவன் தானாக வந்து கேட்பானா?

ஆகவே பிள்ளைகளே, யார் பெரியாள் என்ற பட்டியலைப் பரீட்சைக்குப் பாடமாக்குங்கள். பிறகு, விடுமுறையில் ஒருநாள் படகு ஏறி நயினாதீவுக்குப் போங்கள். கோவிலில் அந்தக் கல்லைப் பாருங்கள். வெளியே வந்து மின்பிறப்பாக்கியின் சத்தத்தையும் கேளுங்கள். அங்குள்ள ஒருவரிடம், இந்தத் திட்டம் பற்றி உங்களிடம் யாராவது கேட்டார்களா என்று விசாரியுங்கள். அவர் சொல்லும் பதிலைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த பாடத்தை அதிலிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.