வன்னி நாடும் குளக்கட்டும்

வன்னி என்றதும் நம் இளைஞருட் பலர்க்கு நினைவில் எழுவது காடு ஒன்றே. மனிதர் வாழத் தகாத நிலமாதலாற்றான் அங்கே குடிகள் அருகினர் என்று எண்ணுவாருமுளர். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை வன்னியின் கீழ்பாகமாகிய முல்லைத்தீவு மாவட்டத்தைக்கொண்டு ஆராய்வோம்.

இம்மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இங்கு வாழ்ந்தோர் சுமார் 92 ஆயிரவர். அஃதாவது, சதுர கிலோமீற்றருக்கு 35 பேர். அக்காலத்தில் இலங்கை முழுவதற்குமான சராசரி 300க்கு மேற்பட்டது.

இவ்வேற்றுமைக்கு முதற் காரணம் நிலத்தின் அடியிலே உள்ளது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. மழைநீர் அக்கல்லினுள் ஊறித் தங்குதலால், ஒரு குடும்பம் தானே கிணறு வெட்டித் தோட்டஞ் செய்யலாம். வன்னியின் பெரும்பாகமோ கடும்பாறையின் மேலது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக் காற்றோடு பெய்யும் பெருமழை, விரைந்தோடிக் கடலிற் கலந்துவிடும். கனகராயன் ஆறு வடக்கே செல்லும். பாலியாறு மேற்கே செல்லும். பேராறு கிழக்கே செல்லும். கோடையில் இவை வறண்ட மணற்றடங்களே. பாலையும் வீரையும் முதிரையும் அவ்வறட்சியைத் தாங்கி நிற்கும், நெல் நில்லாது.

ஆதலின் நம் முன்னோர் ஓடும் நீரை மறித்தனர். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கற்சிலைமடு, தண்ணீரூற்று என்னும் பெயர்களை உற்று நோக்குங்கள். கட்டு, குளம், மடு, ஊற்று என ஊர்ப்பெயரெல்லாம் நீரின் பெயராகவே இருத்தல் காண்க. நீர் நின்ற இடத்திலேயே ஊர் நின்றது.

கிணற்றை ஒருவன் வெட்டலாம். குளக்கட்டை ஒருவன் காக்க முடியாது. ஆண்டுதோறும் ஊர் கூடி மண்ணிட்டு, வாய்க்கால் துலக்கி, துருசைச் செப்பஞ் செய்தல் வேண்டும். போரினாலோ நோயினாலோ குடிகள் குறைந்தால் கட்டு உடையும். கட்டு உடைந்தால் வயல் அழியும். வயல் அழிந்தால் எஞ்சினோரும் பெயர்வர். பின்னர்க் காடு வந்து மூடும். வன்னிக் காட்டினுள்ளே பழைய குளக்கட்டுகள் கிடப்பது இதற்குச் சான்று.

பண்டாரவன்னியன் 1803ஆம் ஆண்டு ஆவணியில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி கற்சிலைமடுவிலே திறிபேர்க்கின் படையால் தோற்கடிக்கப்பட்டான். வன்னியர் ஆட்சி அத்தோடு ஒடுங்கிற்று. மலேரியா நோயும் குடிகளை நெடுங்காலம் வருத்திற்று. 1946 முதல் டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டபின் அந்நோய் தணிந்தது. 1950களிலும் 1960களிலும் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் திருத்தப்பட, காடாய்க் கிடந்த நிலம் மீண்டும் கழனியாயிற்று. நிலம் மாறவில்லை, நீரைக் காக்கும் கைகளே வந்து சேர்ந்தன.

1981இல் இம்மாவட்டத்தின் குடித்தொகை சுமார் 77 ஆயிரம். முப்பத்தொரு ஆண்டு கழித்தும் அது பெரிதும் பெருகாமைக்குக் காரணம் மண்ணன்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், 2009 மே மாதத்தில் நந்திக்கடற் கரையிலே முடிவுற்ற போரும் கொண்டுபோன உயிர்களை நாம் அறிவோம். ஊரெல்லாம் பெயர்ந்தது; பின்னர்ச் சிறிது சிறிதாகத் திரும்பிற்று. அதே நந்திக்கடலின் அருகே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலில், வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கேற்றும் வழக்கம் இன்றும் நிலவுகின்றது.

ஆகவே, வன்னியில் ஆள் அருகியது இயற்கையின் விதியன்று. அது வரலாற்றின் வடு. இளைஞர்காள்! அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது காட்டை மட்டும் பார்த்து மீளாதீர்கள். ஒரு குளக்கட்டின்மேல் ஏறி நில்லுங்கள். உங்கள் காலடியில் இருப்பது பல தலைமுறையினர் கூடையிற் சுமந்து இட்ட மண். அதன்மேல் இன்னுமொரு கூடை மண் இடவேண்டியவர் யார் என்பதை அங்கேயே நின்று எண்ணிப் பாருங்கள்.