கௌரிபிதனூர் நிலநடுக்கமானி வரிசை

கர்நாடகத்தில், பெங்களூருக்கு வடக்கே உள்ள நிலநடுக்க ஆய்வு நிலையம். பிரிட்டன் அணுசக்தி ஆணையத்தின் ஒத்துழைப்போடு 1965இல் அமைக்கப்பட்டது. இதை நடத்துவது பாபா அணு ஆராய்ச்சி மையம். தொலைதேசத்தில் நிலத்தடியில் வெடித்த அணுகுண்டை நிலநடுக்கத்திலிருந்து பிரித்தறிவதே இது தோன்றியதன் நோக்கம்.

1957 செப்டம்பர் 19 அன்று அமெரிக்கா நெவாடாவில் 1.7 கிலோடன் குண்டொன்றை முழுக்க மண்ணுக்குள் அடக்கி வெடித்தது. மறைத்து வெடித்தால் கண்டுபிடிக்க முடியுமா என்று 1958இல் ஜெனிவாவில் கூடிய வல்லுநர்கள் விவாதித்தார்கள். 1963 அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் வான், கடல், விண்வெளிச் சோதனைகளைத் தடுத்தாலும் நிலத்தடியை விட்டுவிட்டது. பிரிட்டன் ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்முயரிலும், கனடாவின் யெல்லோநைஃபிலும், ஆஸ்திரேலியாவின் வாரமுங்காவிலும் இதேபோன்ற வரிசைகள் அமையத் துணைநின்றது.

கௌரிபிதனூரில் 20 கருவிகள் ஆங்கில 'எல்' எழுத்தைப் போல இரு கைகளாகப் பரந்து நிற்கின்றன. ஓர் அலை ஒவ்வொரு கருவியையும் சற்று முன்பின்னாகத் தொடும். அந்த நேர இடைவெளியைச் சரிசெய்து பதிவுகளைக் கூட்டினால் அலை ஓங்கும், இரைச்சல் அடங்கும். அலை வந்த திசையும் தெரியும். அதற்கு அமைதியான பழம்பாறை வேண்டும். சென்னையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் எந்திரங்களும் ஆவடித் தடத்து ரயில்களும் அதிரும் மண்ணில் இத்தனை மெல்லிய அலையைப் பிடிப்பது கடினம்.

வெடிப்பு எல்லாப் பக்கமும் பாறையை வெளிநோக்கித் தள்ளும். நிலநடுக்கத்தில் பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவுவதால் சில திசைகளில் தள்ளலும் சில திசைகளில் இழுவையும் தோன்றும். ஆனால் தொலைவில் இந்த முதல் அசைவு இரைச்சலில் மூழ்கிவிடும். இதைவிட நம்பகமான அடையாளம் வேறு: முதன்மை அலை ஒரே அளவாக இருந்தாலும், வெடிப்பின் மேற்பரப்பு அலைகள் நிலநடுக்கத்தினுடையதைவிட நலிந்திருக்கும். பல கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்த அதிர்வு என்றால் வெடிப்பென்ற ஐயமே எழாது. அவ்வளவு ஆழத்தில் எவரும் குண்டு வைத்ததில்லை. 1974 மே 18 அன்று ராஜஸ்தானின் பொக்ரானில் இந்தியா வெடித்த குண்டு 107 மீட்டர் ஆழத்தில்தான் இருந்தது.

1998 மே 11 அன்று அங்கே ஒரே நேரத்தில் மூன்று குண்டுகள் வெடித்தன. மொத்த ஆற்றல் சுமார் 58 கிலோடன் என்றது இந்தியா; வெளிநாட்டு ஆய்வாளர் பலர் மிகக் குறைவாகக் கணித்தார்கள். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்தவரும் அப்போதைய இந்திய அணுசக்தி ஆணையத் தலைவருமான ஆர். சிதம்பரம், குண்டுகளின் அலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று குறைத்துவிட்டன என்று வாதிட்டார். விவாதம் ஓயவில்லை. ஒரு கிலோடனுக்கும் குறைந்ததாக அறிவிக்கப்பட்ட மே 13 வெடிப்புகள் இரண்டையோ, சுமார் 740 கி.மீ. தொலைவில் இருந்த பாகிஸ்தானின் நிலோர் நிலையம்கூடப் பதிவு செய்யவில்லை.