ஆயிரம் பெட்டி

ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய்க்கிழமை வரை நடக்கும். அங்கே ஒரு மொத்த வியாபாரியிடம் "இந்த வாரம் எவ்வளவுங்க வித்துச்சு?" என்று கேட்டால், பதிலுக்கு முன்னால் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "போன சரக்கைக் கேக்கறீங்களா, பணம் வந்ததைக் கேக்கறீங்களா?" கடனுக்கு வெளியூர் போன பண்டல் ஒரு கணக்கு, அதில் திரும்பி வந்தது இன்னொரு கணக்கு, கைக்கு வந்த காசு மூன்றாவது. இதைக் குழப்பிக்கொண்டவர் ரொம்ப நாள் கடை வைத்திருக்க முடியாது.

இதே குழப்பத்தோடு அமெரிக்காவில் ஒரு கம்பெனி பதினெட்டு வருஷம் ஓடியது. அது விற்றது விளையாட்டு. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி "நான் அந்தக் கதவைத் திறக்கிறேன்", "நான் வாளை உருவுகிறேன்" என்கிறார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். கடைசியில் ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. இதன் முதல் பிரசுரம்தான் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

தாயத்துக்கும் ஆடுபுலிக்கும் நம் ஊரில் யாரும் விதிப் புத்தகம் விற்றதில்லை. தரையில் கோடு கிழித்து, புளியங்கொட்டையைத் தேய்த்தால் ஆட்டம் தயார். அந்த அமெரிக்க விளையாட்டில் விதிதான் சரக்கு. வாங்கியவர் அதை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் ஆடலாம், இரண்டாவது தடவை காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தத் தொழிலில் நடந்த அத்தனை சண்டைக்கும் ஊற்று அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த விளையாட்டு பிறந்த ஊர் லேக் ஜெனீவா, விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். அதை எழுதிய கேரி கைகாக்ஸ் சிகாகோவில் இன்சூரன்ஸ் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். 1970-இல் வேலை போனது. வீட்டுக் கீழ்த்தளத்தில் செருப்பு ரிப்பேர் பார்த்துக்கொண்டே போர் விளையாட்டுகளுக்கு விதி எழுதினார். 1971-இல் ஜெஃப் பெரனோடு சேர்ந்து செயின்மெயில் என்ற விதிப் புத்தகத்தை வெளியிட்டார். பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் இடைக்காலப் போர் அது. மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் என்ற இளைஞர் அதை வேறு பக்கம் திருப்பினார். ஒருவருக்கு ஒரு படை என்பதை விட்டு, ஒருவருக்கு ஒரே ஆள் என்றார். கோட்டைக்குக் கீழே சுரங்கத்தை வைத்தார். சாகாமல் வந்த ஆள் அடுத்த வாரம் இன்னும் பலசாலியாகத் தொடரலாம் என்றார். 1972 கடைசியில் லேக் ஜெனீவாவுக்கு வந்து கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். அவர் கொடுத்த சில பக்கக் குறிப்புகளைக் கைகாக்ஸ் புத்தகமாக விரித்தார்.

அச்சடிக்க ஆள் கிடைக்கவில்லை. செயின்மெயிலைப் போட்ட பதிப்பாளரிடம் அதற்குப் பணமில்லை. அந்தக் காலத்தில் போர் விளையாட்டுக்குப் பெரிய கம்பெனியான அவலான் ஹில்லுக்கு விருப்பமில்லை. 1973 அக்டோபரில் கைகாக்ஸும் பால்ய சிநேகிதர் டான் கேயும் ஆளுக்கு 1000 டாலர் போட்டு டாக்டிக்கல் ஸ்டடீஸ் ரூல்ஸ் என்று கூட்டு வியாபாரம் தொடங்கினார்கள். சுருக்கமாக டி.எஸ்.ஆர். கே தன் பங்கை ஆயுள் இன்சூரன்ஸ் பாலிசியின் மேல் கடனாக வாங்கிப் போட்டார். அதுவும் போதவில்லை. முதலில் ஒரு சின்னப் போர் விளையாட்டுப் புத்தகத்தை விற்று, வரும் லாபத்தில் பெரிய சரக்கை இறக்கலாம் என்று திட்டம். அது விற்ற விற்பனையில் அச்சகத்துக்கு முன்பணம்கூடத் தேறாது என்று தெரிந்தது. வேறு யாராவது முந்திக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் கைகாக்ஸுக்கு. பிரையன் புளூம் 2000 டாலரோடு மூன்றாவது பங்காளியாக வந்த பிறகுதான் அச்சு ஓடியது.

1974 ஜனவரி. ஆயிரம் பிரதி. மரத்தின் ரேகை போல அச்சிட்ட தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி, மேலே ஒரு லேபிள், உள்ளே மூன்று சின்னப் புத்தகம், கூடவே சில தனித்தாள்கள். விலை 10 டாலர். பகடை உள்ளே இல்லை. நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமாகத் தேவைப்பட்ட பகடைகளைப் பள்ளிக்கூடங்களுக்குக் கணக்குப் பாடச் சாமான் விற்ற ஒரு கம்பெனியிடமிருந்து வாங்கித் தனியாக விற்றார்கள். இது போதாதென்று, சண்டை போட செயின்மெயில் வேண்டும், காட்டு வழி போக அவலான் ஹில்லின் வேறொரு விளையாட்டுப் பலகை வேண்டும் என்று புத்தகமே சொன்னது. வேண்டாம் என்ற கம்பெனியின் சரக்கை வாங்கச் சொல்லித் தன் வாடிக்கையாளரை அனுப்பிய தொழில் வேறெங்காவது உண்டா தெரியவில்லை.

பெட்டியில் புத்தகத்தை வைத்து மூடியது வீட்டு ஆட்கள். கேயின் வீடுதான் ஆபீஸ். விற்றது பெரும்பாலும் தபாலில். ஒரு வருஷத்துக்குள் ஆயிரமும் தீர்ந்தது. பிறகு இன்னோர் ஆயிரம், அதன் பிறகு 1975-இல் 2000. விலை அதிகம் என்று மாணவர்கள் ஜெராக்ஸ் எடுத்துச் சுற்றுக்கு விட்டார்கள். ஆட்டம் பெட்டியை முந்திக்கொண்டு ஊர் ஊராகப் போனது. இந்தத் தொழிலின் ஐம்பது வருஷச் சரித்திரத்தில் தகராறு இல்லாத விற்பனை எண் இந்த முதல் ஆயிரம்தான் என்று தோன்றுகிறது. அனுப்பியது, விற்றது, காசு வந்தது மூன்றும் அநேகமாக ஒரே கணக்காக இருந்த காலம் அது.

கே அதிக நாள் இருக்கவில்லை. 1975 ஜனவரி 31 அன்று மாரடைப்பில் போனார், வயது 36. அவர் மனைவியின் பங்கை வாங்கக் கைகாக்ஸிடம் பணமில்லை. புளூமின் அப்பா பணம் போட்டார், கம்பெனியின் பிடி புளூம் குடும்பத்துக்குப் போனது. ஆர்னெசன் கதை வேறு மாதிரி. 1977-இல் 'அட்வான்ஸ்டு' என்று பெயர் சேர்த்துப் புது வரிசை வந்தபோது அது வேறு விளையாட்டு, ராயல்டி கிடையாது என்றார்கள். 1979-இல் அவர் கோர்ட்டுக்குப் போனார். 1981 சமரசத்தில் அந்த வரிசைப் புத்தகங்களுக்கு 2.5 சதவீதம் கிடைத்தது. அந்தக் கால விற்பனையைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிவதில் கணிசமான பகுதி, இப்படி ராயல்டிக்காக நடந்த வழக்குக் காகிதங்களிலிருந்து வந்ததுதான். கம்பெனியாக வெளியே சொன்ன கணக்கு குறைவு.

அதே 1979-இல் இரண்டு விஷயம் நடந்தது. மிச்சிகனில் ஒரு கல்லூரி மாணவர் காணாமல் போக, இந்த விளையாட்டுதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. காரணம் அதுவல்ல. ஆனால் விளையாட்டின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது, விற்பனை எகிறியது. இரண்டாவது விஷயம், ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் புத்தகக் கடைகளுக்கு டி.எஸ்.ஆர். சரக்கை விநியோகிக்க ஒப்பந்தம் போட்டது. சரக்கு குடோனுக்கு வந்ததுமே அட்டை விலையில் கால் பங்குக்கு மேல் பணம் கொடுத்துவிடும். கடையில் விற்காமல் ரிட்டர்ன் வந்தால் அதைத் திருப்பித் தர வேண்டும்.

இங்கேதான் கணக்கு கெட்டது. கையில் காசு குறைந்தால் இன்னொரு புத்தகம் அச்சடித்து அனுப்பினால் போதும், பணம் வந்துவிடும். 1980-களின் கடைசியிலிருந்து டி.எஸ்.ஆர். கதை நடக்கும் கற்பனை உலகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்றுப் போட்டது: பாலைவன உலகம், பேய் உலகம், விண்வெளியில் கப்பல் ஓட்டும் உலகம். ஓர் உலகத்தில் ஆடுபவர் அடுத்ததை வாங்கவில்லை. அனுப்பியதெல்லாம் விற்பனை என்று எழுதப்பட்டது. 1996-இல் ரிட்டர்ன் மொத்தமாக வந்து இறங்கியது. பாக்கி வராத அச்சகம் இனி அச்சடிக்க முடியாது என்றது. கடன் 3 கோடி டாலரைத் தாண்டியது. சீட்டு விளையாட்டில் சம்பாதித்த விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 1997-இல் டி.எஸ்.ஆரை வாங்கியது.

டி.எஸ்.ஆர். செத்ததற்குக் காரணம் என்ன என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆளைப் பிரித்த உலகங்களா, ரேண்டம் ஹவுஸ் கடனா? இரண்டையும் தனித்தனியாகப் பேசுவது எனக்கு வீணாகப் படுகிறது. அந்த முன்பணம் இல்லாவிட்டால் இத்தனை உலகம் பிறந்திருக்காது.

விசர்ட்ஸின் ரயன் டான்சி வேறு வழி பிடித்தார். 2000-இல் விதியைத் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் அதை வைத்துக் கதை எழுதி விற்கலாம். லாபம் குறைந்த சின்னப் புத்தகங்களை மற்றவர் போடட்டும், எல்லோருக்கும் தேவைப்படும் மூலப் புத்தகத்தை நாம் விற்போம் என்பது கணக்கு. அந்தத் திறந்த கதவு வழியாகவே பைசோ கம்பெனி 2009-இல் பாத்ஃபைண்டர் என்ற போட்டி விளையாட்டைக் கொண்டுவந்தது. 2011-இல் ஐசிவி2 என்ற வணிக ஏட்டின் பட்டியலில் அது முதலிடத்தைப் பிடித்தது. பட்டியலில் எண்ணிக்கை கிடையாது, வரிசை மட்டும்தான். கடைக்காரர்களையும் விநியோகஸ்தர்களையும் கேட்டு எழுதுவது. அதை வைத்து வருஷக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது.

2023 ஜனவரியில் விசர்ட்ஸ் அந்தக் கதவை மூடப் பார்த்தது. எதிர்ப்பில் அதே மாதம் பின்வாங்கியது. கோபத்தில் ஆட்கள் பாத்ஃபைண்டர் பக்கம் திரும்ப, எட்டு மாதத்துக்கு வைத்திருந்த மூலப் புத்தகம் இரண்டே வாரத்தில் தீர்ந்தது என்று பைசோ அறிவித்தது. எட்டு மாதச் சரக்கு என்றால் எத்தனை பிரதி என்பதை மட்டும் சொல்லவில்லை.