சிராங்கூன் சாலை கற்பித்த பாடம்

சிராங்கூன் சாலை என்றவுடன் ஆலய மணியோசையும், பூமாலைகளின் நறுமணமும், தைப்பூசக் காவடிகளும் நம் நினைவிற்கு வருகின்றன. அதே சாலையில் 1986ஆம் ஆண்டு நிகழ்ந்த பெருந்துயர் ஒன்று, இந்நாட்டின் ஆபத்துக்காலப் பாதுகாப்பு முறைகளையே மாற்றியமைத்தது. இளந்தலைமுறையினர் பலரும் அறியாத அவ்வரலாற்றை இத்திருவிழா மலரில் நினைவுகூர்வது நம் கடமையாகும்.

அதற்கு முந்தைய தலைமுறையினர் பெரிதும் அஞ்சியது தீயையே. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட தீ நால்வரின் உயிரைப் பறித்து, ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. அதன்பின் அத்தாப்புக் குடிசைகள் மறைந்து அடுக்குமாடிகள் எழுந்தன. கல்லாலும் சிமெண்டாலும் ஆன கட்டடத்துள் அச்சமின்றி வாழலாம் என்று மக்கள் நம்பினர்.

1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகல் 11.25 மணியளவில் அந்நம்பிக்கை தகர்ந்தது. ஓவன் சாலைச் சந்திப்பில் நின்ற ஆறு மாடி நியூ வோர்ல்டு ஹோட்டல் ஒரு நிமிடத்திற்குள் இடிந்து தரைமட்டமாயிற்று. தீயணைப்பாளர்களும், இராணுவத்தினரும், காவல்துறையினரும் இரவு பகல் பாராது போராடினர். கனரக இயந்திரங்களால் இடிபாடுகளை அகற்றினால் உள்ளே உயிரோடிருப்போர் நசுங்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. அவ்வேளையில், பெருவிரைவு ரயிலுக்காகச் சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு வல்லுநர்கள் தாமாகவே முன்வந்து, இடிபாடுகளின் அடியில் சிறு சுரங்கங்கள் அமைத்து உதவினர். 17 பேர் மீட்கப்பட்டனர். 33 பேர் மாண்டனர்.

விபத்துக்குக் காரணம் வெடிகுண்டோ எரிவாயுவோ அன்று என விசாரணைக் குழு தெளிவுபடுத்தியது. கட்டடத்தை வடிவமைத்தபோது அதன் சொந்த எடையே கணக்கில் சேர்க்கப்படவில்லை! தாங்கவொண்ணாச் சுமையைத் தூண்கள் சுமார் பதினைந்து ஆண்டுகள் சுமந்து நின்றன. இடிவதற்கு முன்பே அவற்றில் வெடிப்புகள் தோன்றியிருந்தன. கண்டவர் இருந்தும், அவற்றின் பொருள் உணரப்படவில்லை.

இத்துயரிலிருந்து நாடு பாடம் கற்றது. 1986ஆம் ஆண்டிலேயே குடிமைத் தற்காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1989இல் தீயணைப்புச் சேவை குடிமைத் தற்காப்புப் படையுடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறையும், ஏனைய கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையும் பொறியாளர் சோதித்தறிய வழிவகுத்தது. இடிபாடுகளில் சிக்கியோரை மீட்கவென 1990இல் தனிக்குழு ஒன்றும் உருவாயிற்று. அவ்வாண்டே பிலிப்பீன்ஸ் நிலநடுக்கத்தில் தவித்தோர்க்கு நம் மீட்புப் படையினர் கடல் கடந்து சென்று கைகொடுத்தனர்.

எனினும், சட்டமும் படையும் வந்து சேருமுன் கழியும் முதற்சில நிமிடங்கள் அருகிலிருப்போர் கையிலேயே உள்ளன. திருவிழாக் காலத்தில் நம் ஆலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். விளக்குகளும் ஓமகுண்டமும் எரிகின்றன. அன்னதானச் சமையற்கூடத்தில் எரிவாயு அடுப்புகள் ஓய்வதில்லை. வெளியேறும் வழிகளில் காலணிகளையும் நாற்காலிகளையும் குவிக்காதிருத்தல், பந்தலைத் தீயணைப்பு வண்டி நுழையும் வழியை மறைக்காது அமைத்தல், தொண்டூழியர்கள் முதலுதவியும் தீயணைப்புக் கருவியைக் கையாளும் முறையும் பயிலுதல், 995 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் கற்பித்தல் ஆகியவை செலவு மிகுந்த காரியங்களல்ல. சுவரில் வெடிப்பையோ, மின்கம்பியில் பொறியையோ கண்டவர் "நமக்கென்ன" என்று கடந்து செல்லாது, நிர்வாகத்தினரிடம் உடனே தெரிவித்தலும் இறைத்தொண்டே ஆகும்.

அன்று தூண்கள் விடுத்த எச்சரிக்கையை எவரும் செவிமடுக்கவில்லை. அந்த 33 உயிர்களுக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி, இனியேனும் விழிப்புடன் இருத்தலே. பக்தப் பெருமக்கள் அனைவரும் எல்லா நலமும் பெற்று, இன்னலின்றி வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக!